ஈஆர், முதல் சீசன், 19ஆவது எபிசோட்: டாக்டர் கிரீன் செய்தது தவறா?

பழைய ஆன்டெனா | ஞாயிறு, காலை 7:40

ஈஆர் தொடரை இந்த வயதில்தான் முதலிலிருந்து பார்க்கிறேன். 1994இல் தொடங்கி 2009 வரை பதினைந்து சீசன் ஓடிய தொடர். நான் இன்னும் முதல் சீசனையே தாண்டவில்லை. நேற்று இரவு 19ஆவது எபிசோட். முடிந்தபோது மணி ஒன்றரை. விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தேனே தவிர, தூக்கம் வரவில்லை.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். சிகாகோவில் கவுன்டி ஜெனரல் என்ற கற்பனை மருத்துவமனை. நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி கணவனோடு அவசரப் பிரிவுக்கு வருகிறாள். அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டியிருக்கிறது என்கிறாள். டாக்டர் மார்க் கிரீன் நல்லவர், பொறுமையானவர். சிறுநீர்ப்பைத் தொற்று என்று மருந்து எழுதி அனுப்பிவிடுகிறார். கொஞ்ச நேரத்தில் வலிப்போடு அவளைத் திரும்பக் கொண்டுவருகிறார்கள். அதன் பிறகு ஒன்று மாற்றி ஒன்று. பிரசவ வலியைத் தூண்டுகிறார்கள். குழந்தையின் தலை வந்து தோள் மாட்டிக்கொள்கிறது. தலையைத் திரும்ப உள்ளே தள்ளிவிட்டு, அங்கேயே வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுக்கிறார்கள். குழந்தை பிழைக்கிறது. தாய் இறந்துவிடுகிறாள். கடைசியில் கிரீன் ரயிலில் தனியாக உட்கார்ந்து அழுகிறார்.

எங்கள் இரண்டாவது குழந்தை 2003இல் பிறந்தபோது நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து தினத்தாள் படித்துக்கொண்டிருந்தேன். சினிமாப் பக்கம் உட்பட எல்லாவற்றையும் படித்து முடித்தேன். உள்ளே இப்படியும் நடக்கக்கூடும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

கேள்வி இரண்டு. கிரீன் இடத்தில் வேறு யார் இருந்தாலும் அப்படித்தான் அனுப்பியிருப்பார்களா? தலையை உள்ளே தள்ளுவது உண்மையிலேயே உண்டா, கதைக்காகச் சேர்த்ததா?

கடுகு | ஞாயிறு, காலை 8:15

தொலைக்காட்சி டாக்டருக்கு நாம் எதற்கு விசாரணைக் கமிஷன் வைக்க வேண்டும்? மருத்துவமனைத் தொடர் எந்த நாட்டில் எடுத்தாலும் ஒரே சமையல்தான். ஓடும் ஸ்ட்ரெச்சர், கத்தும் டாக்டர், நேராகிவிடும் பச்சைக் கோடு, ஒரு ஷாக், துள்ளி எழும் நோயாளி. இதில் மருத்துவத்தைத் தேடுவது பாயசத்தில் நெத்திலி தேடுவது போல.

பழைய ஆன்டெனா | ஞாயிறு, காலை 8:22

கடுகு சார், இதில் யாரும் துள்ளி எழவில்லை. அதனால்தான் கேட்கிறேன்.

நர்சம்மா | ஞாயிறு, காலை 11:05

நான் அந்தத் தொடரைப் பார்த்ததில்லை. கிராம சுகாதாரச் செவிலியராக முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். நீங்கள் எழுதியதில் முதல் பத்து நிமிடம்தான் என்னைப் பிடித்து உலுக்கியது. வயிற்றைக் கிழித்ததெல்லாம் அதற்குப் பிறகுதானே.

நிறைமாதக்காரி எதற்காக வந்தாலும் சரி, பல்வலி என்று வந்தாலும் சரி, பிரஷர் பார்க்க வேண்டும், சிறுநீரில் உப்பு பார்க்க வேண்டும். இரண்டும் கூடியிருந்தால் அந்த வலிப்பு வரலாம் என்பதற்கு அறிகுறி. உப்பு என்று நாங்கள் சொல்வது அல்புமின் என்ற புரதத்தை. சாப்பாட்டு உப்புக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் அந்தப் பெயரால் பட்ட பாடு கொஞ்சமல்ல. "உப்பு இருக்கிறது என்றீர்கள், ஒரு வாரமாக உப்பில்லாமல் கஞ்சி குடித்துச் சரிசெய்துவிட்டேன்" என்று வந்து நிற்பார்கள். பிரஷர் 150க்கு 100 இருக்கும்.

இப்போது அட்டைக் குச்சியை நனைத்தால் நிறம் காட்டிவிடுகிறது. எங்கள் காலத்தில் சோதனைக்குழாயில் முக்கால் பங்கு சிறுநீர் எடுத்து, அடியைப் பிடித்துக்கொண்டு, மேல்பகுதியை மட்டும் ஸ்பிரிட் விளக்கில் காட்டுவோம். மேலே சூடேறியதும் கலங்குகிறதா என்று பார்க்க வேண்டும். அடியில் தெளிவாக இருப்பதால் ஒப்பிட்டுப் பார்க்கச் சுலபம். கலங்கினால் அசிட்டிக் அமிலம் மூன்று நான்கு சொட்டு. கலங்கல் கரைந்துவிட்டால் பயமில்லை. கரையாமல் சோற்றுக்கஞ்சி மாதிரி நின்றால் அந்தப் பெண்ணை வீட்டுக்கு அனுப்பக் கூடாது. இதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.

பெண்களும் சொல்லத்தான் செய்வார்கள், நாம் கேட்கிற விதத்தில் கேட்டால். "கால் வீங்கியிருக்கிறதா?" என்றால் "மாசமானால் வீங்காதா?" என்பார்கள். "மெட்டி இறுக்குகிறதா? காலையில் எழுந்ததும் முகம் ஊதியிருக்கிறதா? கண்முன்னே பூச்சி பறக்கிறதா?" என்று கேட்டால்தான் பதில் வரும். நெஞ்சுக்குழிக்குக் கீழே வலித்தால் கேஸ் என்று சோடா குடித்துவிட்டு வருவார்கள். அது ஈரல் வலியாக இருக்கும்.

எனக்கும் ஒரு கிரீன் கதை உண்டு. பிறகு எழுதுகிறேன்.

இரவுப்பணி | ஞாயிறு, மாலை 4:50

அவசர மருத்துவத்தில் மேற்படிப்புப் படிக்கிறேன். நர்சம்மா சொன்னதற்கு மேல் முதல் கேள்விக்குப் பதில் வேண்டாம். ஆனால் ஏன் தவறவிடுகிறோம் என்பதையும் சொல்ல வேண்டும்.

கர்ப்பிணிக்குச் சிறுநீர்த் தொற்று வருவது மிகச் சாதாரணம். தொற்று இருந்தாலும் சிறுநீரில் கொஞ்சம் அல்புமின் காட்டும். ஆக, கையில் கிடைத்த முதல் காரணமே எல்லாவற்றையும் விளக்கிவிடுகிறது. வெளியே நாற்பது பேர் காத்திருக்கும்போது பொருந்திவிட்ட காரணத்தை மனம் அவ்வளவு எளிதில் விடாது. எங்கள் பேராசிரியர் மாணவர்களிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "சரி, இது இல்லையென்றால் வேறென்ன?" அதைக் கேட்கும் அளவுக்கு நேரமும் தெம்பும் அதிகாலை மூன்று மணிக்கு இருப்பதில்லை. கிரீனை என்னால் மன்னிக்க முடிகிறது. அவர் செய்தது சரி என்று சொல்ல முடியவில்லை.

இரண்டாவது கேள்வி. தலையை உள்ளே தள்ளுவது கற்பனை அல்ல. ஸாவனெல்லி முறை என்று அதற்குப் பெயர். தோள் மாட்டிக்கொண்டால் முதலில் தாயின் இரண்டு தொடைகளையும் அவள் வயிற்றோடு மடக்கிப் பிடித்து, அடிவயிற்று எலும்புக்கு மேலே அழுத்துவோம். பெரும்பாலும் அதிலேயே தோள் விடுபட்டுவிடும். இல்லாவிட்டால் உள்ளே கைவிட்டுத் தோளைத் திருப்புவது, தாயின் முதுகுப் பக்கம் இருக்கும் குழந்தையின் கையை முதலில் வெளியே எடுப்பது என்று வரிசையாக உண்டு. ஸாவனெல்லி எல்லாவற்றுக்கும் கடைசி. புத்தகத்தில் படித்திருக்கிறேன், நேரில் பார்த்தவர் ஒருவரைக்கூட இன்னும் சந்திக்கவில்லை. ஒரே பெண்ணுக்கு ஒரே இரவில் வலிப்பு, தோள், நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிதல் எல்லாம் வந்தது கதாசிரியர் கைவரிசை. தனித்தனியாக ஒவ்வொன்றும் உண்மை. இதை எழுதிய லான்ஸ் ஜென்டைல் அவசரப் பிரிவு மருத்துவர். எம்மி விருதும் வாங்கினார். தொடரை உருவாக்கிய மைக்கேல் கிரைட்டனும் ஹார்வர்டில் மருத்துவம் படித்தவர்தான்.

இன்னொன்று. கர்ப்பகால வலிப்புக்கு எந்த மருந்து சிறந்தது என்பதே அந்த எபிசோட் ஒளிபரப்பான நாளில் உலகம் முழுக்கத் தீராத விவாதம். அமெரிக்காவில் மக்னீசியம் சல்பேட். பிரிட்டனில் டயாசெபாமும் ஃபெனிடாயினும். எபிசோட் வந்தது 1995 மார்ச். அதே ஆண்டு ஜூனில்தான் லான்செட் இதழில் பெரிய ஆய்வு வெளியானது. 1,687 பெண்கள், இந்தியாவிலும் நடந்தது. மக்னீசியம் கொடுத்தவர்களுக்கு மறுபடி வலிப்பு வருவது டயாசெபாமைவிட ஏறக்குறையப் பாதி, ஃபெனிடாயினைவிட மூன்றில் ஒரு பங்கு. விலை மலிவான உப்பு அது. விவாதம் அதோடு முடிந்தது.

மக்னீசியம் கொடுப்பதை எந்தத் தொடரிலும் ஒழுங்காகக் காட்டிப் பார்த்ததில்லை. நரம்பில் நான்கு கிராம், இடுப்பில் பக்கத்துக்கு ஐந்து கிராம். ஊசி ஏறும்போதே "உடம்பெல்லாம் நெருப்பாக எரிகிறது" என்பாள். அடுத்த டோஸுக்கு முன்னால் முழங்காலைத் தட்டிப் பார்க்க வேண்டும், கால் உதறுகிறதா என்று. மூச்சு நிமிடத்துக்கு 16க்குக் குறையக் கூடாது. நான்கு மணி நேரத்தில் 100 மில்லியாவது சிறுநீர் போயிருக்க வேண்டும். இல்லாவிட்டால் மருந்தே மூச்சை நிறுத்திவிடும்; முறிமருந்தான கால்சியம் குளுகோனேட் பக்கத்திலேயே இருக்க வேண்டும். முழங்காலைத் தட்டிக்கொண்டு இரவு முழுக்க உட்கார்ந்திருப்பதை யார் படமெடுப்பார்கள்?

வடமராட்சி வாசகி | ஞாயிறு, இரவு 9:30

எங்கள் பக்கத்தில் மருத்துவமாது வீடு தேடி வந்து இதைத்தான் பார்ப்பா. மழை வெள்ளத்திலும் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தவ ஒருத்தியை எனக்குத் தெரியும். நர்சம்மா எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். சோற்றுக்கஞ்சி என்ற இடத்தில் தலையை ஆட்டினா.

கடுகு | ஞாயிறு, இரவு 10:02

ஒப்புக்கொள்கிறேன், நெத்திலி கிடைத்துவிட்டது. ஆனால் ஷாக் விஷயத்தை யாரும் தொடவில்லையே? என் மைத்துனர் படித்தவர். "நேர்கோடு வந்தால் ஷாக் கொடுத்தால் போதும், நம் ஊரில்தான் மெஷின் இல்லை" என்று கல்யாணப் பந்தியில் உபதேசம் செய்கிறார். இந்த அறிவு அவருக்கு எங்கிருந்து வந்தது?

ஸ்ட்ரெச்சர் தம்பி | ஞாயிறு, இரவு 11:40

ஆம்புலன்ஸில் மருத்துவ உதவியாளராக இருக்கிறேன். உங்கள் மைத்துனரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள், சார்: நேர்கோட்டுக்கு ஷாக் கிடையாது.

ஷாக் என்பது தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தை ஒரு கணம் நிறுத்தி, ஒழுங்காகத் தொடங்க விடுவதற்கு. கீழறைகள் புழுக்கூட்டம் போல நெளிந்துகொண்டிருக்கும் நிலை, நாடி இல்லாமல் மிக வேகமாகத் துடிக்கும் நிலை, இந்த இரண்டுக்குத்தான். முழுதாக நின்றுவிட்ட இதயத்தில் ஒழுங்குபடுத்த எதுவும் இல்லை. மார்பை அழுத்த வேண்டும், மூன்றிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அட்ரினலின் போட வேண்டும், நின்றதற்கான காரணத்தைத் தேட வேண்டும். நேர்கோடு தெரிந்ததும் நாங்கள் முதலில் பார்ப்பது ஒயர் கழன்றிருக்கிறதா என்பதை. பாதி நேரம் அதுதான்.

மார்பை அழுத்துவதையும் தொடர்களில் பார்க்கச் சகிக்காது. முழங்கையை மடித்துக்கொண்டு மாவு பிசைவது போல அழுத்துவார்கள். அதில் நடிகர்களைக் குறை சொல்ல முடியாது. உயிரோடு படுத்திருக்கும் ஆளை உண்மையாக அழுத்தினால் வழக்கு வரும். நிஜத்தில் கை நிமிர்ந்திருக்க வேண்டும், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஐந்து சென்டிமீட்டர் ஆழம். முதல் நிமிடத்திலேயே விலா எலும்பு நொறுங்குவது உள்ளங்கையில் தெரியும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும், இல்லாவிட்டால் அழுத்தம் குறைந்துவிடும். அந்தச் சத்தத்தைக் கேட்டு "எலும்பை உடைக்கிறான்" என்று உறவினர்கள் என் கையைப் பிடித்து இழுத்திருக்கிறார்கள்.

நூலகப்பூனை | திங்கள், காலை 6:55

இதை எண்ணியே பார்த்திருக்கிறார்கள். நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் 1996இல் வந்த கட்டுரை. ஈஆர், சிகாகோ ஹோப், ரெஸ்கியூ 911 ஆகிய மூன்று தொடர்களில் 97 எபிசோட். மார்பழுத்தம் 60 தடவை. அப்போதைக்குப் பிழைத்தவர்கள் 75 சதவீதம்; வீடு திரும்பியதாகத் தோன்றியவர்கள் 67 சதவீதம். நிஜத்தில் அமெரிக்க மருத்துவமனைகளுக்குள்ளேயே இதயம் நின்றாலும் ஏறக்குறைய நான்கில் ஒருவர்தான் வீடு போகிறார். வெளியே நின்றால் பத்தில் ஒருவர் அளவு. திரையில் இதயம் நின்றவர்களில் பலர் விபத்தில் சிக்கிய இளைஞர்கள். நிஜத்தில் பெரும்பாலும் நோயோடு இருந்த முதியவர்கள்.

மாடிவீடு | திங்கள், மதியம் 1:20

மூன்று வருடமாக இங்கே படிக்க மட்டும் செய்கிறேன். இதுதான் முதல் பதிவு.

ஆறு வருடத்துக்கு முன்னால் அப்பா எங்கள் ஊர்த் தனியார் மருத்துவமனை ஒன்றில் இறந்தார். கதவுக் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தோம். மானிட்டரில் கோடு நேராகிவிட்டது. ஒருவர் மாற்றி ஒருவர் அழுத்தினார்கள். ஷாக் மெஷின் சுவரோரம் நின்றது. ஒருவரும் அதைத் தொடவில்லை. டாக்டர் வெளியே வந்ததும் அண்ணன் அவருடைய சட்டையைப் பிடித்துவிட்டான். மெஷின் பழுது, மறைக்கிறார்கள் என்று இன்றுவரை எங்கள் வீட்டில் பேச்சு. திதி அன்றுகூடப் பேசினோம்.

தம்பி எழுதியதை நான்கு தடவை படித்தேன். அண்ணனுக்கு அனுப்பலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இரவுப்பணி | திங்கள், மதியம் 2:05

அனுப்புங்கள். அன்றைக்கே ஒருவர் உங்களை உட்காரவைத்து, ஏன் ஷாக் கொடுக்கவில்லை என்று இரண்டு வாக்கியத்தில் சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்லாதது எங்கள் தரப்புத் தவறு. தொடரின் தலையில் மட்டும் போட முடியாது.

ஸ்ட்ரெச்சர் தம்பி | திங்கள், மதியம் 2:11

அண்ணா, உங்கள் அண்ணன் பேச விரும்பினால் எனக்குத் தனிமடல் அனுப்பச் சொல்லுங்கள்.

கொத்தமல்லி | திங்கள், மாலை 6:30

ஈஆரிலாவது சாதாரண நோய்கள் வருகின்றன. ஹவுஸ் தொடரில் ஒரு நோயாளிக்கும் சாதாரண நோய் கிடையாது! ஆனாலும் எட்டு சீசனையும் விடாமல் பார்த்தேன். 2004இல் வந்த முதல் எபிசோட்: பாலர் வகுப்பு ஆசிரியைக்குப் பேச்சு குழறி, வலிப்பு வருகிறது. டாக்டர்கள் அவள் வீட்டுக்குள் திருட்டுத்தனமாகப் புகுந்து பார்க்கிறார்கள். அங்கே பன்றி இறைச்சி இருந்தது என்ற ஒரு தகவலை வைத்து, மூளையில் நாடாப்புழுக் கட்டி என்று ஹவுஸ் சொல்லிவிடுகிறார். தொடையை எக்ஸ்ரே எடுத்ததும் அங்கே ஒரு புழு. எனக்கு அன்றிலிருந்து முட்டைக்கோஸ் இறங்குவதில்லை. கோஸிலும் அந்தப் புழு இருக்கிறதாமே?

இரவுப்பணி | திங்கள், இரவு 8:45

நியூஜெர்சியில் ஹவுஸ் மூன்று பேரை வைத்து மண்டையை உடைத்துக்கொள்ளும் அந்த நோய் நம் நாட்டில் வலிப்புக்கு மிகச் சாதாரணமான காரணங்களில் ஒன்று. பள்ளிக் குழந்தைக்குப் புதிதாக வலிப்பு, ஸ்கேனில் மோதிரம் போல ஒரு வளையம் என்றால் காசநோய்க் கட்டியா, புழுக் கட்டியா என்பதுதான் எங்கள் முதல் பேச்சு.

கோஸ் பாவம். வேகாத பன்றி இறைச்சியைத் தின்றால் குடலில் நாடாப்புழு வளரும். மூளையில் கட்டி வருவது அந்தப் புழுவின் முட்டை வயிற்றுக்குள் போவதால். அந்த முட்டை மனித மலத்தின் வழியாக மண்ணுக்கும் தண்ணீருக்கும், கழுவாத கைக்கும் வருகிறது. ஆயுளில் இறைச்சி தொடாதவர்களுக்கும் வருவது அதனால்தான். பச்சையாகத் தின்னும் எந்தக் காய்க்கும் இது பொருந்தும். கழுவி வேகவைத்த கோஸ் பொரியலுக்கு என் முழு ஆதரவு.

கடுகு | திங்கள், இரவு 9:10

வீடு புகுந்து நோய் கண்டுபிடிக்கும் டாக்டர்! இதனால் உலகில் ஒரு நோயாளியாவது பிழைத்திருப்பானா?

நூலகப்பூனை | திங்கள், இரவு 9:48

ஒருவர் பிழைத்தார். ஜெர்மனியின் மார்புர்க் நகரில், 2012இல். 55 வயது, இதயம் பலவீனம், காரணமில்லாத காய்ச்சல், காது மந்தம், கண் மங்கல், தைராய்டு குறைவு. எல்லா டாக்டர்களையும் பார்த்தாகிவிட்டது. அவருக்குப் பீங்கான் இடுப்பு மூட்டு உடைந்து, உலோக மூட்டு மாற்றியிருந்தார்கள். யூர்கன் ஷேஃபர் என்ற பேராசிரியர் ஹவுஸ் எபிசோட்களை வைத்தே மாணவர்களுக்குப் பாடம் நடத்துபவர். ஏழாவது சீசனில் ஹவுஸின் காதலியுடைய தாய்க்கு இதே கதைதான்: இடுப்பு மூட்டிலிருந்து கோபால்ட் நஞ்சு. சோதித்தார்கள், ரத்தத்தில் கோபால்ட் ஏகத்துக்கு இருந்தது. பழைய பீங்கான் துணுக்குகள் உலோகத்தை அரைத்துக்கொண்டே இருந்திருக்கின்றன. லான்செட்டில் 2014இல் எழுதினார்கள்.

கடுகு | திங்கள், இரவு 9:51

சரி. ஒருவர்.

கொத்தமல்லி | செவ்வாய், காலை 7:15

கோஸ் வாங்கிவிட்டேன். 2025இல் தொடங்கிய தி பிட் தொடரை யாராவது பார்க்கிறீர்களா? ஒரே ஷிப்ட், ஒரு மணி நேரத்துக்கு ஒரு எபிசோட். ஈஆரில் மாணவனாக வந்த நோவா வைல் இதில் நரைத்த தாடியோடு தலைமை டாக்டர்.

இரவுப்பணி | செவ்வாய், காலை 7:40

பார்க்கிறேன். அதில் எனக்குப் பிடித்தது காத்திருப்போர் கூடம். காலையில் வந்தவர் மாலையிலும் அதே நாற்காலியில் இருக்கிறார், கோபம் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. அதை இத்தனை வருடத்தில் வேறு எந்தத் தொடரும் இப்படிக் காட்டவில்லை. ஷிப்ட் முடிந்து வந்து அதைப் பார்ப்பதால் வீட்டில் திட்டு வாங்குகிறேன்.

நர்சம்மா | புதன், இரவு 8:20

பேரன் அந்த எபிசோடைத் தேடிப் போட்டுக்கொடுத்தான். வலிப்பு வரும் இடம் வரை பார்த்துவிட்டு நிறுத்தச் சொன்னேன்.

சொல்வதாகச் சொன்னதை எழுதிவிடுகிறேன். வேலையில் சேர்ந்து நான்காவது வருடம். புதன்கிழமைதான் தாய்மார் முகாம். தலைச்சன் பிள்ளைக்காரி ஒருத்தி, எட்டு மாதம், மாமியாரோடு வந்தாள். லேசாகத் தலைவலி என்றாள். பிரஷர் கொஞ்சம் கூட இருந்தது, 136க்கு 88 என்று நினைவு. வெயிலில் நடந்து வந்திருக்கிறாள் என்று நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உப்பு பார்க்க விளக்கை ஏற்றினால் ஸ்பிரிட் தீர்ந்துபோயிருந்தது. மாமியாருக்குப் பஸ் போய்விடும் என்ற அவசரம். அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று இரும்புச்சத்து மாத்திரையைக் கொடுத்து அனுப்பினேன்.

சனிக்கிழமை விடியற்காலையில் வலிப்பு. மாட்டு வண்டியில் ரோடு வரைக்கும், அங்கிருந்து லாரியில் பெரிய ஆஸ்பத்திரிக்கு. அவள் பிழைத்தாள். பிள்ளை இல்லை. அவள் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளுக்கு விளக்கு விஷயமே தெரியாது. அடுத்த பிரசவத்துக்கும் என்னிடம்தான் வந்தாள்.

அதன் பிறகு ஓய்வுபெறும் நாள்வரை என் பையில் ஒரு மெழுகுவத்தியும் தீப்பெட்டியும் இருந்தன. மெழுகுவத்தியில் காட்டினால் குழாய் கரி பிடிக்கும். புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும். அட்டைக் குச்சி வந்த பிறகும் அதை எடுத்துப் போடவில்லை.

பேரன் மீதியை எப்போது பார்ப்போம் என்கிறான்.